ஞாயிறு விமானம் போகும் வரை

ஜனவரி 18, 1987, ஞாயிறு

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக அப்பாவுக்கு. தமிழ் தெரியாதவர் என்றால் தெரிந்தவரைத் தேடிப் போகவும் வேண்டாம். கிழித்து எறியுங்கள், கோபிக்க மாட்டேன்.

மழை. இங்கே ஜனவரியில்தான் கோடை விடுமுறை, பெயர் மட்டும். அம்மா விடியற்காலையிலிருந்து வீடு கழுவல். விருந்தாளிகள் வருகிறார்கள். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு டென்னிஸ்காரி. அவளைக் கூட்டி வரும் ஒரு பெண். அடுத்த ஞாயிறு காலை விமானம் வரை எங்கள் வீட்டில்.

இந்தக் கிழமைப் போட்டிக்கு வரும் பெரிய வீராங்கனைகளுக்கு ஹோட்டல். காசில்லாதவர்களை டென்னிஸ் கிளப்காரர்கள் தங்கள் வீடுகளில் வைத்திருப்பது இங்கே வழக்கம். எங்கள் ரோட்டு முனைக் கிளப்பில் கேட்டபோது இந்த இரண்டு பேரையும் எடுக்க ஒருவரும் கை தூக்கவில்லை. அப்பா தூக்கினார்.

"நான் ஒராள் தான் தூக்கினது. ட்ரெவர் என்ரை தோளில தட்டினவர், தெரியுமே?"

"வெள்ளையள் ஒருத்தரும் தூக்கேல்லையெண்டா ஏனெண்டு யோசிக்க மாட்டியளே?" என்றார் அம்மா.

ட்ரெவர் கிளப் தலைவர். எங்கள் நிரந்தர விசாவுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் எழுதவில்லை. கொழும்பில் அப்பா வங்கியில் அதிகாரி. இங்கே மவுண்ட் வெலிங்டன் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். சனிக்கிழமைகளில் மட்டும் வெள்ளைக் காற்சட்டை போட்டு டென்னிஸ்.

டென்னிஸ்காரியின் பெயர் யானா. இருபது வயதிருக்கும். வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தாள். கூட வந்த பெண்ணின் பெயரை உச்சரிக்க முடியவில்லை. சாப்பிடும்போதும் மடியில் கறுப்புக் கைப்பை. யானாவின் பாஸ்போர்ட் அதற்குள். ஆகவே இங்கே அவள் பெயர் கைப்பை. யானா, யா.

என் அறை அவர்களுக்கு. எனக்குத் துணி துவைக்கும் அறை. மெத்தையின் தலைப்பக்கம் வாஷிங் மெஷின். டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

அப்பா படுக்கப் போகுமுன் வந்து சொன்னது: "இந்தக் கிழமை வீட்டில நடக்கிறது ஒண்டும் வெளியில போகப்படாது. விசா கையில வருமட்டும் எங்களுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. விளங்குதே?"

ஓம் என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காற்று. கிளப் கோர்ட்டில் யா.வுக்குப் பயிற்சி. விடுமுறையில் இருக்கும் கிளப் பிள்ளைகள்தான் பந்து பொறுக்க வேண்டும். இன்று நான் மட்டும் போனேன்.

என்னை சேர்வ் விழ வேண்டிய கட்டத்தின் மூலையில் நிற்கச் சொன்னாள். எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலமும் உடைசல்தான், ஆனால் அவளுடையது பயப்படாத ஆங்கிலம்.

"நகரக் கூடாது. நான் உனக்குப் பக்கத்தில் போட வேண்டும்."

"பட்டால்?"

"பட்டால் நான் பிழையாக அடித்தேன். அதற்கு நீ ஏன் அழ வேண்டும்?"

முதலாவது பட்டது தொடையில். பிறகு இடுப்பில். பிறகு மறுபடி தொடையில், அதே இடம். பெஞ்சில் அப்பாவும் ட்ரெவரும். ஒவ்வொரு முறை படும்போதும் கைப்பை தலையை ஆட்டினாள். எனக்காக அல்ல. லைன் தவறியதற்காக.

"சின்னவள் பயப்படாதவள்!" என்று ட்ரெவர் கத்தினார். அப்பா சிரித்தார். அப்பாவின் அந்தச் சிரிப்பைக் கொழும்பில் நான் பார்த்ததில்லை.

யா.வுக்கு என் பெயர் தெரியும். அம்மா சொன்னாரே, சுபா என்று. ஆனால் கூப்பிடுவது "ஏய், பந்து."

குளிக்கும்போது அம்மா கண்டுவிட்டார். நீலமும் ஊதாவும். அப்பாவிடம் போனார்.

"பிள்ளை தொடையில அடி வாங்கிக்கொண்டு நிண்டிருக்கிறாள். நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனீங்களாம்."

"ஒரு கிழமைதானே. பொறுத்துக்கொள்ளுங்கோ ரெண்டுபேரும்."

இன்று பொறுக்கிய பந்துகள் எத்தனை என்று தெரியாது. என் மேல் பட்டவை தெரியும். எழுத மாட்டேன்.

ஜனவரி 21, புதன்

வெயில். போட்டி தொடங்கியது. யா. முதல் சுற்றில் வென்றாள். நான் பந்து பொறுக்க நெட் ஓரத்தில் முழங்காலில்.

அறிவித்தவர் "செக் வீராங்கனை" என்றார். யா. அவருடைய நாற்காலிக்கே போய் "ஸ்லோவாக்" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. காரில் அப்பா: "என்ன பெரிய வித்தியாசம்? ஒரே நாடு தானே." பின் இருக்கையிலிருந்து நான் அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நேற்று ட்ரெவர் "நீங்கள் இந்தியர்கள்" என்று தொடங்கியபோது அப்பா திருத்தவில்லை என்பதும் ஞாபகம்.

எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்களின் கதை:

"இவள் நல்லா விளையாடுகிறவளா?"

"நல்லதெல்லாம் இப்போது மெல்பர்னில், பெரிய போட்டியில். இங்கே அனுப்புவது மிச்சம்."

கடைசிப் புள்ளிக்குப் பிறகு யா. முகம் துடைத்த துவாயை என் தலைமேல் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். துவாய்க்குள் அவள் வியர்வை நாற்றம். அவள் தோற்க வேண்டும் என்று முதன்முதலாக நேர்ந்துகொண்டேன். பிள்ளையாரிடம். ஆங்கிலத்தில் கேட்டேன், ஏனோ.

செய்ய வேண்டியவை: யா.வின் காலுறை துவைத்தல். முனை டெய்ரிக் கடையில் பால், பாண் ரொட்டி. பள்ளிக்கூடச் சப்பாத்து சிறிதாகிவிட்டது, அம்மாவிடம் இப்போது சொல்லக் கூடாது.

ஜனவரி 22, வியாழன்

தோற்றாள். பிள்ளையார் கேட்டுவிட்டார்.

சேர்வ் போகவேயில்லை. வலது மணிக்கட்டைக் கட்டியிருந்தாள். பந்தை மேலே போடும்போதே முகம் சுருங்கியது, பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. டபுள் ஃபால்ட், டபுள் ஃபால்ட். சனம் முதலில் பாவம் என்றது, பிறகு கொட்டாவி விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கைப்பை அவளைப் பின் வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே நிற்க வைத்தாள். வலது கையை நேராக நீட்டி ராக்கெட்டைப் பிடித்தபடி. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. அதுதான் தண்டனை போல. ராக்கெட் தாழும்போதெல்லாம் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சொல். என்ன சொல் என்று தெரியாது. நாயைக் கூப்பிடும் தொனி.

அம்மா அவளுக்கு ஒரு கோப்பையில் சோறும் கோழிக்குழம்பும் மூடி வைத்திருந்தார். கைப்பை அதைத் திறந்து, மணந்து பார்த்து, குப்பை வாளியில் சுரண்டினாள். "தோற்றவளுக்குப் பசிக்காது," என்றாள். கோப்பையைக் கழுவியும் வைத்தாள். நல்ல ஆங்கிலம், நல்ல பழக்கம்.

அம்மா வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியே? இதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு. அதுதான் அவங்கள் உலகம் முழுக்க வெல்லுறாங்கள். நீயும் உன்ரை ராக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில நில்."

"நான் தோக்கேல்லையே அப்பா."

"நீ விளையாடவே இல்லை. போ."

போய் நின்றேன். அடுத்த வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு ஹோஸைத் திருப்பிக்கொண்டார். யா. என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "முழங்கையை மடிக்காதே. மடித்தால் பிறகு இன்னும் நோகும்."

அன்பு என்று நினைத்துவிட்டேன். நான்தான் முதலில் ராக்கெட்டைக் கீழே போட்டேன். அவள் சிரித்தாள்.

ஜனவரி 23, வெள்ளி

வெக்கை. தொழிற்சாலையில் அப்பாவுக்குப் பின்னேர ஷிப்ட். அம்மா கடைக்கு. கைப்பை குளியலறையில், கைப்பையோடு. தினமும் நெடுநேரம் குளிப்பாள்.

என் அறைக்கு (துணி அறைக்கு) வெளியே திறக்கும் கதவு ஒன்று உண்டு. அதால் யா. வந்தாள். ஃபிரீசரிலிருந்து பட்டாணிப் பையை எடுத்துத் தரச் சொன்னாள். மணிக்கட்டில் வைத்துக்கொண்டு என் மெத்தையில் இருந்தாள். கேட்காமலே கதைத்தாள். என்னிடம் கதைத்தாளா, வாஷிங் மெஷினிடமா தெரியாது.

அவளுடைய அம்மாவுக்குச் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை. அதன் பின் மதிலில் பந்தடித்துப் பழகினாளாம். மதில் ஒருபோதும் தவறாது, அதனால் அவளும் தவறக் கூடாது. ஒன்பது வயதில் யாரோ வந்து பார்த்து, கையின் நீளம் அளந்து, விடுதிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குப் போவது கிறிஸ்மஸுக்கு மட்டும். பதினைந்தில் தலைநகர் பிராக். அங்கே மற்றப் பெட்டைகள் அவளுடைய ஸ்லோவாக் பேச்சைக் கேட்டு வாத்து மாதிரிக் கத்துவார்களாம். அவர்கள் எல்லாரையும் வென்றாள். பரிசுக் காசு அவர்கள் நாட்டு டென்னிஸ் சங்கத்துக்கு. அவளுக்குச் சாப்பாட்டுக் காசு, ஒரு குளிர் கோட்டு.

பிறகு மணிக்கட்டு.

"இது என் கடைசிப் பயணம். அவள் நேற்றுச் சொன்னாள். திரும்பிப் போனதும் பாஸ்போர்ட் இல்லை. விடுதியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோர்ட் கூட்ட வேண்டும்."

"கை நோகிறதுதானே, பிறகு எப்படி விளையாடுவீர்கள்?"

"அவர்கள் ஒப்பரேஷனுக்கு விட மாட்டார்கள். வேறு நாட்டில் வெட்டுவார்கள். ஆறு மாதம். பிறகு விளையாடுவேன்." சத்தம் இல்லாமல் சொன்னாள். "நான் இன்னும் முடியவில்லை."

திட்டம்: ஞாயிறு காலை விமானம் அவள் இல்லாமல் போக வேண்டும். அதற்குப் பிறகு அவளே பொலிசுக்குப் போய் இங்கே இருக்க விடுங்கள் என்று கேட்பாள். அதற்கு முன் போனால் பொலிஸ் கைப்பையைக் கூப்பிட்டு விடும் என்று பயம். அதுவரை ஒளிய ஓர் இடம் வேண்டும்.

நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன். வீட்டுக்குக் கீழே. இங்கே வீடுகள் குட்டைக் கட்டைகளின் மேல் நிற்கும். தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் தவழ்ந்து போகலாம். பின்பக்கம் ஒரு சின்னப் பலகைக் கதவு. அப்பாவின் உடம்பு அதற்குள் போகாது.

நன்றி சொல்வாள் என்று பார்த்தேன். என் கையைப் பிடித்தாள், நோகும்படி.

"யாரிடமாவது சொன்னால், உன் அப்பாதான் எனக்கு உதவினார் என்று பொலிசில் சொல்லுவேன். உங்களுக்கு விசா இல்லை. எனக்குத் தெரியும். அவர் மேசையில் எல்லாருக்கும் சொல்கிறார்."

பட்டாணிப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். உருகிவிட்டிருந்தது. அம்மா கேட்டால் என்ன சொல்வது?

ஜனவரி 24, சனி, பகல்

தூறல். விடியும்போது யா. குளியலறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை. கைப்பை சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அலமாரிகள், கார், கூரைக்குள் எல்லாம் பார்த்தாள். பிறகு ட்ரெவரைக் கூப்பிட்டாள், ட்ரெவரோடு போனாள்.

அப்பா என்னைக் கேட்டார். "பஸ்ஸில போயிருப்பா, டவுன் பக்கம்," என்றேன். அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது.

மத்தியானம் பாணும் போத்தலில் தண்ணீரும் கொண்டுபோய்ப் பலகைக் கதவால் நீட்டினேன். உள்ளே ஈரம், மண் நாற்றம். கை மட்டும் வந்து வாங்கிக்கொண்டது. "பால் இல்லையா?" என்றது இருட்டு.

அவளை எனக்குப் பிடிக்கவில்லை. எழுதி வைக்கிறேன். பிடிக்கவேயில்லை.

அதே நாள், இரவு

வேகமாக எழுத வேண்டும்.

பின்னேரம் முன்கதவில் தட்டினார்கள். கைப்பையும், தலைநகர் வெலிங்டனில் இருக்கும் அவர்களுடைய தூதரகத்திலிருந்து வந்த ஒரு ஆளும். அவர்கள் வந்தது யா.வின் சூட்கேசை எடுத்துக்கொண்டு போக. அந்த ஆள் கையில் கயிறு கூட வைத்திருந்தான், அதைக் கட்டுவதற்கு. வேறொன்றும் இல்லை. அவள் நகரத்தில் எங்கோ என்றுதான் அவர்களும் நினைத்திருந்தார்கள்.

அம்மா கதவைத் திறந்தார். அவர்கள் வாய் திறக்குமுன்:

"இங்கே யாரும் இல்லை. என் குடும்பம் மட்டும். வேறு யாரும் இல்லை."

அம்மா எல்லாருக்கும் இதைத்தான் சொல்வார். கரண்ட் மீட்டர் பார்க்க வருபவருக்கு, பைபிளோடு வருபவர்களுக்கு. எண்பத்துமூன்றில் கலவரத்தின்போது எங்களைத் தன் சாமான் அறையில் ஒளித்து வைத்த சிங்கள அன்ரி, தன் வாசலில் தடிகளோடு வந்து நின்றவர்களுக்கு இதே வசனத்தைச் சொன்னார். மூன்று நாட்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்து நாங்கள் கேட்டது. அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கதவு தட்டினாலே வேறு வசனம் வருவதில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

கைப்பையும் அந்த ஆளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் கயிற்றைப் பைக்குள் போட்டான்.

"யாரைப் பற்றி நாங்கள் கேட்டோம்?" என்றாள் கைப்பை, மெதுவாக.

சூட்கேசை எடுக்காமலே போனார்கள். இரவு திரும்ப வருவோம் என்றார்கள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" அப்பா.

"வாயில வந்திட்டுது."

"வாயில வந்திட்டுதோ! இப்ப நாங்கள்தான் ஒளிச்சு வைச்சிருக்கிறம் எண்டு நினைக்கப் போறாங்கள்."

அப்பா டிவியை நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் எங்கள் காலுக்குக் கீழே, தரைப் பலகைக்குக் கீழே, யாரோ இருமினார்கள்.

மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

"எடியே. கீழ ஆர்?"

"பூனை."

"பூனை இருமுமோ?"

அன்ரி வீட்டில் எனக்குத்தான் இருமல் வந்தது. அப்பா என் வாயைப் பொத்தினார். மூச்சு முட்டிச் செத்துப்போவேன் என்று நினைத்தேன். பொத்திய கையை எடுத்த பிறகு அந்தக் கை முழுக்க என் பல் பட்ட தடம். அதை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அந்த அன்ரி எங்களைப் பிடிச்சுக் குடுக்கேல்லையே அப்பா?"

அறைந்தார். தோட்டுக் கொளுவி கழன்று விழுந்தது.

அம்மா குறுக்கே வருவார் என்று பார்த்தேன். அம்மா குனிந்து தோட்டை எடுத்தார். எடுத்துக்கொண்டே சொன்னார்: "அவவும் மூண்டாம் நாள் என்ரை காப்பைக் கழட்டி வாங்கிக்கொண்டுதான் வெளிய போகச் சொன்னவ. அது உனக்குத் தெரியாது. சும்மா அன்ரி அன்ரி எண்டு கதையாதை."

எனக்குத் தெரியாதுதான்.

அப்பா கோபமாகக் கதைக்கவில்லை பிறகு. அதை விட மோசம். என் முன்னால் குந்தியிருந்து, ட்ரெவரிடம் கதைக்கும் குரலில்:

"இஞ்ச பார் பிள்ளை. பொலிஸ் வந்தா எங்கட பேர் எழுதுப்படும். எங்களைத் திருப்பி அனுப்பினா என்ன நடக்கும் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் அவளைப் பிடிச்சுக் குடுத்தனெண்டும் இருக்கப்படாது, ஒளிச்சு வைச்சனெண்டும் இருக்கப்படாது. அவளாய் வெளியில வரவேணும். நீ கூப்பிட்டா வருவாள். அவையள் போயிட்டினம் எண்டு சொல்லு."

"பொய்யெல்லே அப்பா."

"அந்த வெள்ளைச்சியோ, உன்ரை கொம்மாவோ? நீயே யோசி."

என்னைத் துணி அறையில் விட்டு, வீட்டுக்குள் போகும் கதவை அந்தப் பக்கமாகப் பூட்டிவிட்டார். வெளிக்கதவு மட்டும் திறந்திருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு முன்பக்கம் வரும்வரை எனக்கு வீட்டுக்குள் இடம் இல்லை.

நான் நினைத்தவை:

அவள் என்னைப் பந்து என்று கூப்பிட்டாள்.

நான் கூப்பிட்டால் அவள் வருவாள். என்னை நம்பி அல்ல. வேறு ஆள் இல்லாததால்.

ஞாயிறு விமானம் அவளை ஏற்றிக்கொண்டு போனால் அவள் இனி எங்குமே விளையாட மாட்டாள். ஏற்றாமல் போனால் நாங்கள்.

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. "போய்விட்டார்கள்." ஒரு வார்த்தைதான்.

அப்பா போனில் ட்ரெவரோடு. "ஓம் சேர், ஓம் சேர்" என்று ஆங்கிலத்தில்.

மறுபடி இருமல். நேரே எனக்குக் கீழே. அவள் நகர்ந்து என் அறைக்குக் கீழே வந்திருக்கிறாள். டார்ச் வெளிச்சம் பலகை இடுக்கால் தெரிகிறதா? டார்ச்சைத் திருப்பிவிட்டேன்.

வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டேன். உள்ளே ஒரு துணியும் இல்லை. வெறும் தண்ணீர். இருமல் கேட்காது. அப்பா உள்ளேயிருந்து கத்துகிறார், நிப்பாட்டு, நிப்பாட்டு என்று. பூட்டியது அவர்தான், அவரே வந்து திறக்கட்டும்.

கார் வந்து நிற்கிறது. இரண்டு கதவு சாத்தும் சத்தம். இல்லை, மூன்று. முன்பக்கத்தில் அப்பாவின் குரல், சிரிக்கிற குரல். கைப்பையின் குரல். ஆணின் குரல் ஒன்று கேட்டது, இப்போது கேட்கவில்லை. ஒருவன் எங்கே போனான்?

தண்ணீர் வடிகிறது. மெஷின் நிற்கப் போகிறது. திரும்பவும் போட வேண்டும்.

தட்டுகிறார்கள். முன்கதவில் அல்ல. என் பக்கத்து வெளிக்கதவில். மெதுவாக, கீழே, நிலத்தோடு ஒட்டினாற்போல். யா. தவழ்ந்து வந்து தட்டுகிறாளா, அல்லது அந்தத் தூதரக ஆள் குனிந்து நின்றுகொண்டு

மறுபடியும்